மதுக்கடை இல்லாத தெருவில் மதுவுக்கு ஒரு பூட்டு

செவன் கிங்ஸ் ரயில் நிலையம் 1899 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இன்று கிழக்கு லண்டனில் இருக்கும் அந்த இடம் வெறும் கிராமப்புறம். எசெக்ஸ் மாவட்டத்து வயல்வெளி. அது அடங்கிய இல்ஃபர்டின் மக்கள்தொகை 1891இல் சுமார் 11,000. பத்தே ஆண்டில் அது 41,000 ஆயிற்று, 1911இல் 78,000. வயலை வாங்கி, சாலை போட்டு, ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகளை வரிசை வரிசையாக எழுப்பி விற்றவர்கள் சிலர். அவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சிபால்ட் கேமரன் கார்பெட்.

கார்பெட் கிளாஸ்கோக்காரர். 1885 முதல் அந்நகரின் டிரேட்ஸ்டன் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர். 1911இல் ரோவாலன் பிரபு என்ற பட்டம் பெற்றார். லண்டனைச் சுற்றி ஹிதர் கிரீன், எல்தம், இல்ஃபர்ட் என்று அவர் உருவாக்கிய குடியிருப்புகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. செவன் கிங்ஸ் பக்கத்து டவுன்ஷால் எஸ்டேட் அவற்றில் ஒன்று. வீடு வாங்குகிறவர் தினமும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு வேலைக்குப் போய்வர வேண்டுமே என்று ரயில்வே நிறுவனத்தை விடாமல் நெருக்கி நிலையம் வரவழைத்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பள்ளி, தேவாலயம், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் அவர் எஸ்டேட்டுகளில் இடம் இருந்தது. மதுக்கடைக்கு மட்டும் இல்லை. கார்பெட் குடியைத் தொடாதவர். மதுவிலக்கு இயக்கத்தில் ஊறியவர். தான் கட்டும் தெருக்களில் ‘பப்’ வைக்க அவர் விடவில்லை.

இன்று அந்த வீடுகள் பலவற்றில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. முன்னறையைச் சாமி அறையாக்கியவர்கள் உண்டு. சாப்பாட்டு அறைச் சுவரை இடித்துச் சமையலறையோடு சேர்த்தவர்கள் உண்டு. கார்பெட்டின் காலத்தில் அந்தச் சாப்பாட்டு அறைக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. சுவரோரமாக ஒரு சைட்போர்டு, அதன்மேல் வெள்ளிமுலாம் பூசிய சில சாமான்கள், நடுவில் வீட்டுத் தலைவரின் அந்தஸ்தைச் சொல்லும் ஏதோ ஒரு பொருள். அந்த இடத்துக்கு அந்தக் காலம் கண்டுபிடித்த பொருளைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது: டான்டலஸ். கண்ணாடிக் குடுவைகளை எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி, யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் மரச்சட்டகம்.

தெருவில் மதுக்கடை இல்லை என்றால் ஊரில் குடி இல்லை என்று பொருளல்ல. குடி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். இதற்கு வழி திறந்துவிட்டவர் கிளாட்ஸ்டன். நிதியமைச்சராக இருந்தபோது 1860, 1861 ஆண்டுகளில் அவர் கொண்டுவந்த சட்டங்களால் மளிகைக் கடைக்காரர் உரிமம் பெற்று மதுவைப் பாட்டில் பாட்டிலாக விற்க முடிந்தது. அதற்கு முன் நடுத்தர வர்க்கத்துக்காரர் மது வாங்க வேண்டுமானால் ஒயின் வணிகரிடம் மொத்தமாக வாங்க வேண்டும், அல்லது மதுக்கடை வாசலை மிதிக்க வேண்டும். இப்போது சர்க்கரையும் தேயிலையும் வரும் கூடையிலேயே விஸ்கியும் வந்தது. மதுவிலக்குக்காரர்கள் இதை மதுக்கடையைவிட மோசமானது என்றார்கள். மளிகைக் கணக்கில் வேறு பெயரில் எழுதச் சொல்லிப் பெண்கள் ரகசியமாகக் குடிக்கிறார்கள் என்ற புகார் 1870களில் பிரபுக்கள் சபையின் விசாரணைக் குழுவரை போயிற்று. புகாரில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆண்களின் பயம் என்பது வேறு விஷயம். பாட்டில் வீட்டுக்குள் வந்த பிறகு அதை யார் தொடலாம், எப்போது தொடலாம் என்று தீர்மானிக்கப் போலீசும் மாஜிஸ்திரேட்டும் இல்லை என்பது உண்மை. வீட்டுக்கு வீடு தனித்தனியாக ஒரு மதுச்சட்டம் தேவைப்பட்டது. சாவி அப்படித்தான் வந்தது.

பொருளைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓக் மரத்தில் ஏறக்குறைய ஓரடி உயரமும் அதைவிடச் சற்றே கூடிய அகலமும் உள்ள சட்டகம். மூலைகளில் வெள்ளிமுலாம் பூசிய பித்தளைப் பட்டைகள். அடித்தட்டில் குடுவை அசையாமல் உட்காரச் சதுரமான மூன்று குழிகள். குழிக்கு ஒன்றாக மூன்று சதுரக் குடுவைகள். உடம்பு முழுக்கச் செதுக்கிய கட்டம் கட்டமான வெட்டு. மேலே கோழிமுட்டையைவிடச் சின்னதாக, பட்டை தீட்டிய உருண்டை மூடி. பிராந்தி, விஸ்கி, ஜின் என்பது வழக்கமான வரிசை. ஜின்னுக்குப் பதில் ரம் இருப்பதும் உண்டு. மூன்று மூடிகளுக்கும் மேலே, விரல் நுழையாத நெருக்கத்தில், ஒரு உலோகப் பட்டை குறுக்கே ஓடுகிறது. பெரும்பாலும் தூக்கிச் செல்லும் கைப்பிடியும் அதுவேதான். பட்டை கிடையாகக் கிடக்கும்வரை மூடியைத் திருகி எடுக்க மேலே இடமில்லை. மூடி போகாதபோது குடுவையையும் தூக்க முடியாது. பக்கவாட்டுத் தூணில் இருக்கும் சிறிய துளையில் சாவியைத் திருப்பினால் பட்டை விடுபட்டு ஒருபுறம் சாய்கிறது. அவ்வளவுதான் இயந்திரம். ஒரே ஒரு பூட்டு. அது மூன்று குடுவைகளுக்கும் பொது.

இதைக் காப்புரிமையோடு சந்தைக்குக் கொண்டுவந்தது ஜார்ஜ் பெட்ஜமன் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம். ஆண்டு 1881. பென்டன்வில் சாலையில் பட்டறை வைத்திருந்த இவர்கள் தச்சு வேலையில் நுணுக்கமான பிரிவைச் சேர்ந்தவர்கள்: ஒப்பனைப் பெட்டிகள், எழுதுபொருள் பெட்டிகள், மேசைமேல் புத்தகம் அடுக்கும் நகரும் தாங்கிகள். மரம், உலோகம், கண்ணாடி, தோல், பூட்டு எல்லாம் ஒரே கூரையின்கீழ் சேர வேண்டிய தொழில் அது. டான்டலஸும் அதே வகைதான். குடுவையை ஒரு பட்டறை ஊதும், இன்னொன்று வெட்டும். பூட்டை இன்னொருவர் தருவார். எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் ஒரு சட்டகத்தில் உட்கார வைப்பது பெட்டிக்காரரின் திறமை. மூடிக்கும் பட்டைக்கும் இடையே கால் அங்குலம் கூடிப்போனால் பூட்டுக்கு அர்த்தமில்லை. குறைந்துபோனால் பட்டை படியாது.

பூட்டிய மதுப்பெட்டி பெட்ஜமனுக்கு முன் இல்லாததல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சதுரப் பாட்டில்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய பூட்டுப் பெட்டிகள் கொழும்புக்கும் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) போய்க்கொண்டிருந்தன. பெட்டிக்குள் இடம் வீணாகாமல் இருக்கவே பாட்டில் சதுரமாயிற்று. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில மாளிகைகளில் காலோடு நிற்கும் பூட்டுள்ள ஒயின் பெட்டிகள் இருந்தன. மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பிரான்சில் பித்தளையும் சிப்பியும் பதித்த பெட்டிக்குள் 4 குடுவைகளும் 16 சிறு கிண்ணங்களும் தூங்கின. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. மூடினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பெட்ஜமன் சரக்கின் புதுமை மூடியை எடுத்துவிட்டதில் இருக்கிறது.

பூட்டுக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி தேயிலைப் பெட்டி. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலை அவ்வளவு விலை. வரியே 119 சதவீதம். வீட்டம்மாள் அதைப் பூட்டுள்ள சிறு பெட்டியில் வைத்து, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விருந்தாளி முன்னால் தானே அளந்து போடுவாள். நம் பக்கத்தில் மாமியார் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்கு இருந்த அதிகாரம் அந்தச் சிறு சாவிக்கும் இருந்தது. 1784இல் இளைய பிட் அரசு வரியை 12.5 சதவீதமாக வெட்டியது. தேயிலை மலிந்தது, பிறகு வேலைக்காரர் சமையலறைவரை இறங்கியது. ஆனால் தேயிலைப் பெட்டிகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பூட்டோடுதான் செய்யப்பட்டன. விலைக்காக வந்த பூட்டு, விலை போன பிறகும் மதிப்புக்காக நின்றது. டான்டலஸின் கதையைப் படிக்க இது உதவும்.

பணக்கார வீட்டில் டான்டலஸுக்கு உண்மையில் வேலை இல்லை. இல்ஃபர்டிலேயே உதாரணம் உண்டு. 1690களில் கட்டிய வாலன்டைன்ஸ் மாளிகை இன்று பொதுமக்கள் பார்க்கும் இடம். அதன் விக்டோரியா காலச் சமையலறையையும் சரக்கறைகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். (ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட பேர்பெற்ற பெருந்திராட்சைக் கொடி இந்த வாலன்டைன்ஸ் தோட்டத்துக் கொடியிலிருந்து வெட்டிப் போன பதியன். செவன் கிங்ஸ்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) அந்த மாதிரி வீட்டில் மது நிலவறையில் இருக்கும், நிலவறைச் சாவி பட்லரிடம் இருக்கும், பட்லருக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள். எசமானர் நம்பிக்கையைப் பதவியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். வேலைக்காரர் பகுதிக்குத் தனிப் படிக்கட்டு, தனிக் கதவு. சாப்பாட்டு அறையில் யார் எப்போது நுழையலாம் என்பதற்கு விதி உண்டு. அங்கே சுவரும் கதவும்தான் பூட்டு.

கார்பெட் கட்டிய வீடுகளில் அதற்கெல்லாம் இடமேது? முன்னறை, சாப்பாட்டு அறை, பின்னால் சமையல்கட்டு, மேலே படுக்கையறைகள். பட்லர் இல்லை, ஒயின் நிலவறை இல்லை. வசதி கொஞ்சம் கூடிய வீடுகளில் ஒரே ஒரு வேலைக்காரப் பெண் இருந்திருப்பாள். அடுப்பு பற்றவைப்பதிலிருந்து படுக்கை விரிப்பதுவரை எல்லாம் அவள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுவேலையில் இருந்த பெண்கள் 1891 கணக்கெடுப்பில் 13 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் மாளிகைகளில் அல்ல, இப்படித் தனியாளாக வேலைபார்க்கும் வீடுகளில்தான் இருந்தார்கள். சாப்பாட்டு அறையைத் தூசி தட்டுவது அவள் வேலை. சைட்போர்டைத் துடைப்பது அவள் வேலை. அதன்மேல் இருக்கும் டான்டலஸின் வெள்ளிமுலாமைப் பளபளவென்று தேய்த்து வைப்பதும் அவள் வேலை. பூட்டு யாரை நோக்கிப் போடப்பட்டதோ அவளே அதைத் தினமும் மெருகேற்றினாள்.

அவள் சம்பளத்தையும் பார்த்துவிடலாம். திருமதி பீட்டன் 1861இல் வெளியிட்ட வீட்டு நிர்வாக நூலில் சம்பள அட்டவணை உண்டு. எல்லா வேலையும் செய்யும் ஒற்றை வேலைக்காரிக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு. தேயிலை, சர்க்கரை, பீர் ஆகியவற்றுக்கு வீட்டிலேயே படி கொடுத்தால் அது ஏழரை முதல் 11 பவுண்டாகக் குறையும். பீர் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது வேலைக்காரி குடிப்பது பிரச்சினை அல்ல. அவள் எதைக் குடிக்கிறாள் என்பதுதான் பிரச்சினை. முதல் உலகப் போருக்கு முன் ஒரு பாட்டில் விஸ்கி ஏறக்குறைய மூன்றரை ஷில்லிங். ஆண்டுக்கு 12 பவுண்டு வாங்குகிறவளுக்கு அது மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு.

இளைய மகன்களுக்கு எதிராகவும் இந்தப் பூட்டு பேசியது என்பார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கும். ஆனால் மகன் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன், கேட்கும் தைரியம் உள்ளவன், மாட்டிக்கொண்டால் திட்டு மட்டும் வாங்குகிறவன். வேலைக்காரிக்கு அதே குற்றத்தில் வேலை போகும்; நன்னடத்தைச் சான்றிதழும் போகும். சான்றிதழ் இல்லாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

பெயர் வைத்தவர் கிரேக்கக் கதை படித்தவர். பாதாள உலகில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் டான்டலஸ் குனிந்தால் தண்ணீர் வடியும். கைநீட்டினால் பழக்கிளை விலகும். கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டாத தண்டனை என்ற அளவில் பெயர் பொருந்திவிடுகிறது. ஆனால் அந்தத் தண்டனைக்கு என்ன காரணம் என்பதில் கதைகள் வேறுபடும். பெற்ற மகனையே வெட்டித் தேவர்களுக்கு விருந்து வைத்தான் என்பது ஒன்று. தேவர்களோடு பந்தியில் உட்காரும் பேறு கிடைத்தும், அவர்களின் அமுதத்தைத் திருடித் தன் கூட்டாளி மனிதர்களுக்குக் கொடுத்தான் என்பது பிண்டார் பாடிய வடிவம். பென்டன்வில் சாலைச் சரக்குக்கு இரண்டாவதுதான் கச்சிதம்: எசமானர் பந்தியிலிருந்து பானம் திருடியவன் பெயரை, எசமானர் பானத்தைக் காக்கும் பொருளுக்கு வைத்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு அது சாதுரியமான வேடிக்கை. பக்கத்தில் தட்டோடு நிற்கிறவளுக்கு அந்த வேடிக்கை புரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இங்கேதான் என் வாதம். திருட்டைத் தடுப்பது மட்டும் நோக்கமானால் அலமாரி போதும். சைட்போர்டின் கீழறையில் வைத்து ஒரு நாலணாப் பூட்டைப் போட்டிருக்கலாம். சத்தமில்லாமல் காரியம் முடிந்திருக்கும். டான்டலஸ் அதைவிட விலை கூடியது, அதைவிடப் பலவீனமானது. மெலிந்த மரச்சட்டகம், திருகாணிகளைக் கழற்றினால் பிரிந்து வந்துவிடும், மனம் வைத்தால் முழுச் சாமானையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். பாதுகாப்பு என்ற அளவுகோலில் அது தோற்ற பொருள். ஆனால் அது சொல்லவந்த செய்தியில் தோற்கவில்லை. இந்த வீட்டில் விலை கூடிய சரக்கு இருக்கிறது. அதைத் திருடக்கூடிய வேலையாள் ஒருத்தி இருக்கிறாள். அவளை வைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இருக்கிறது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. வேலையாளே இல்லாத வீட்டுக்கு டான்டலஸ் எதற்கு? ஆகவே டான்டலஸ் இருந்தால் வேலையாள் இருந்தாக வேண்டும் என்று பார்க்கிறவர் எண்ணிக்கொள்வார். புதிதாக நடுத்தர வர்க்கத்தில் காலெடுத்து வைத்த அலுவலக எழுத்தருக்கு இந்த அவநம்பிக்கையே ஓர் ஆபரணம்.

பூட்டுகளில் ஒருசில உண்மையிலேயே உயர்ந்தவை. விலை கூடிய சட்டகங்களில் பிராமா பூட்டு இருக்கும். ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற உருளைச் சாவிப் பூட்டு அது. சாதாரணச் சாவியைப் போலப் பல் இருக்காது. குழாய் முனையில் சின்னச் சின்ன வெட்டுகள் மட்டும். பிக்கடிலியில் இருந்த அவர் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை எழுதியிருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் திறக்கவில்லை. 1851 பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். அந்தப் பரம்பரைப் பூட்டை மூன்று குடுவை சாராயத்துக்குக் காவலாக, நாலு திருகாணியில் நிற்கும் சட்டகத்தில் பொருத்தினார்கள். பூட்டைத் திறக்க 51 மணி; சட்டகத்தைப் பிரிக்க அஞ்சு நிமிடம்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது நம் கடற்கரைப் பக்கம் வருகிறது. சாதாரண டான்டலஸ் ஓக். அதற்கு மேல் வால்நட், மகாகனி. உச்சியில் கோரமண்டல். பழுப்பும் கறுப்புமாகப் புலிவரி ஓடும் இந்த மரத்துக்குச் சோழமண்டலக் கரையின் பெயர். அந்தக் கரை வழியாகக் கப்பலேறியதால் வந்த பெயர் என்பார்கள். ஆனால் உயர்ந்த ரகம் விளைந்தது இலங்கையில், நம் கருங்காலியின் இனத்தில். டச்சுக்காரரும் பிறகு ஆங்கிலேயரும் வெட்டித் தீர்த்ததில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அது அரிதாகிவிட்டது. கொழும்பில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தன் நூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். இன்று அந்த மரம் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில். ஏலக்கடைகளில் ‘கோரமண்டல்’ என்று எழுதிய சீட்டுத் தொங்கும் பெட்டிகளில் இலங்கை மரமும் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து வந்த வரிக் கருங்காலியும் உண்டு.

டான்டலஸ் எவ்வளவு வீட்டுப் பழக்கமான பொருளாகிவிட்டது என்பதற்கு ஷெர்லாக் ஹோம்ஸ் சாட்சி. 1904இல் வந்த ‘கறுப்புப் பீட்டர்’ கதையில் கொலையுண்ட மாலுமியின் அறையில் ரம் பாட்டில் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே பிராந்தியும் விஸ்கியும் உள்ள டான்டலஸ், குடுவைகள் நிரம்பியபடி. தொடப்படாததால் அதற்கு முக்கியமில்லை என்கிறார் இன்ஸ்பெக்டர். ஹோம்ஸுக்கோ அதுதான் முக்கியம்: பிராந்தியும் விஸ்கியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ரம்மைத் தேடிக் குடித்தவன் கடலோடியாகத்தான் இருக்க வேண்டும். கோனன் டாயில் டான்டலஸ் என்றால் என்ன என்று விளக்கவில்லை. பத்திரிகை வாசகர் வீட்டிலும் ஒன்று இருந்தது, அல்லது வாங்கும் ஆசை இருந்தது.

அந்த வாசகர் விஸ்கி குடித்ததற்கும் காரணம் உண்டு. முந்தைய தலைமுறைக் கனவான் பிராந்தியும் சோடாவும் குடித்தவர். 1860களின் இறுதியில் தொடங்கி ஃபிலாக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றது. பிராந்தி அரிதாகி விலை ஏறியது. அந்த இடத்தைக் கலப்பு ஸ்காட்ச் விஸ்கி பிடித்தது. 1880க்கும் 1910க்கும் இடையே டான்டலஸின் பொற்காலமும் ஸ்காட்சின் எழுச்சியும் ஒன்றாகவே நடந்தன. ஆனால் டான்டலஸை முடித்துவைத்ததிலும் அதே விஸ்கிக்குப் பங்கு உண்டு. குடுவையில் ஊற்றிவிட்டால் எல்லா விஸ்கியும் ஒரே நிறம். எந்தக் கம்பெனி என்று தெரியாது. சாய்வுச் சீட்டும் சதுரப் பாட்டிலுமாக வந்த ஜானி வாக்கர், 1908இல் தொப்பியும் கைத்தடியுமாக நடைபோடும் மனிதனையும் சேர்த்துக்கொண்டது. விளம்பரத்தில் பார்த்த பாட்டிலை மேசைமேல் அப்படியே வைப்பதில்தான் இப்போது மதிப்பு. சீட்டை மறைக்கும் குடுவை பின்வாங்கியது.

போர் வந்தது. 1915 ஏப்ரலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் போர் முடியும்வரை அரண்மனையில் மது கிடையாது என்று அறிவித்தார். மதுக்கடை நேரங்கள் குறுக்கப்பட்டன. வேலைக்காரப் பெண்கள் வெடிமருந்து ஆலைக்கும் டிராம் வண்டிக்கும் போனார்கள். அங்கே சம்பளம் கூட, ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கே சொந்தம். வரிக்கணக்கு இன்னும் சுவாரசியம். 1909 பட்ஜெட்டுக்கு முன் ஒரு கேலன் சாராயத்துக்கு வரி 11 ஷில்லிங். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் அதை 14 ஷில்லிங் 9 பென்ஸ் ஆக்கினார். 1918இல் 30 ஷில்லிங், 1919இல் 50, 1920இல் 72 ஷில்லிங் 6 பென்ஸ். விஸ்கி பாட்டில் பன்னிரண்டரை ஷில்லிங் ஆயிற்று.

பூட்டின் வேலை விலையைக் காப்பதுதான் என்றால், டான்டலஸ் அமோகமாக விற்றிருக்க வேண்டிய ஆண்டு 1920. வரி ஆறரை மடங்கு ஏறியிருந்தது. சரக்கு அவ்வளவு விலைப்பட்டதாக அதற்கு முன் இருந்ததில்லை. அப்போதுதான் டான்டலஸ் வழக்கொழிந்தது. வீட்டுவேலைக்குப் பெண்கள் 1931 கணக்கெடுப்பில் மறுபடியும் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் செவன் கிங்ஸ் மாதிரி இடங்களில் மாடியறையில் படுத்துறங்கும் வேலைக்காரியின் இடத்தை, காலையில் வந்து மத்தியானம் போகும் பெண் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் அரங்கேற்ற வேண்டிய நாடகம் அவ்வளவு இல்லை. சைட்போர்டின் இடத்துக்கு, திறந்தால் உள்ளே விளக்கெரியும் காக்டெயில் அலமாரி வந்தது. விருந்தாளி தானே எழுந்து ஊற்றிக்கொள்வது நாகரிகமாயிற்று.

பென்டன்வில் சாலைப் பட்டறையும் நெடுநாள் நிலைக்கவில்லை. அதை நடத்திய எர்னஸ்ட் பெட்ஜமனுக்கு ஒரே மகன். தலைமுறை தலைமுறையாக வந்த தொழிலைத் தொடர்ந்து நடத்த வேண்டியவன். அவனுக்கோ மரவேலையில் கை வரவில்லை, மனமும் இல்லை. தந்தைக்கும் மகனுக்கும் இதனால் வந்த மனக்கசப்பு 1934இல் தந்தை இறந்த பிறகும் தீரவில்லை. மகன் கவிதை எழுதப் போனான். பெயரின் கடைசியில் இருந்த இரட்டை ‘ன்’ ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று ஒன்றை விட்டுவிட்டு ஜான் பெட்ஜமன் என்று அறியப்பட்டார்; 1972இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானார். 1960இல் வெளியிட்ட தன்வரலாற்றுக் கவிதையில் அந்தப் பட்டறையையும், தான் கைவிட்ட தொழிலாளர்களையும் குற்ற உணர்வோடு நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கவிஞரின் விருப்பமான பொருள் என்ன தெரியுமா? புறநகர். ரயில் நிலையத்தை ஒட்டி முளைத்த செங்கல் வரிசைகள், முன்தோட்டத்து வேலிகள், மத்தியதர வீட்டுச் சாப்பாட்டு அறைகளின் சின்னப் பெருமைகள். மற்றவர்கள் ஏளனம் செய்ததை அவர் பாதி கிண்டலும் பாதி பாசமுமாக எழுதினார். 1970களில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தை இடிக்கும் திட்டம் வந்தபோது எதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். நிலையம் தப்பியது. செவன் கிங்ஸிலிருந்து ஒரு நூற்றாண்டாக வேலைக்குப் போய்வந்தவர்கள் இறங்கிய நிலையம் அதுதான். தாத்தாக்கள் அந்த வீடுகளுக்கு மரியாதையைப் பெட்டியாகச் செய்து விற்றார்கள். பேரன் அதையே கவிதையாக்கினார். எது அதிகம் விற்றது என்று கேட்கக்கூடாது. பெட்ஜமனின் கவிதைத் தொகுப்பு லட்சக்கணக்கில் போயிற்று.

டான்டலஸ்கள் இப்போது ஏலக்கடைகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் சுற்றிவருகின்றன. வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குடுவையின் கழுத்தையும் மூடியின் அடியையும். கண்ணாடி மூடியை அந்தந்தக் கழுத்தோடு சேர்த்துத்தான் உரசிப் பொருத்துவார்கள். மாறிப்போகாமல் இருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பது பழக்கம். எண் ஒத்தால் பிறந்தது முதல் சேர்ந்திருந்தவை. ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு வேலைக்காரி, அல்லது எசமானரே, ஒரு மூடியை உடைத்து வேறொன்றை வாங்கி வைத்திருக்கிறார். கண்ணாடிக்குள் பால் படிந்தது போன்ற மங்கல் இருந்தால், ஈரத்தோடு பல காலம் மூடிக்கிடந்திருக்கிறது, கழுவினால் போகாது. உலோகத்தில் சிங்கமுத்திரை இருந்தால் வெள்ளி. எழுத்துகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1840க்குப் பிறகு எல்கிங்டன் வழியாகப் பரவிய மின்முலாம். பெட்ஜமன் பெயர் பட்டையிலோ பூட்டுத் தகட்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் இருந்தால் விலை தனி. மிக அதிகமாகத் தொலைந்துபோயிருப்பது சாவி. சாவி இல்லாமல் பூட்டியபடி விற்பனைக்கு வருபவையும் உண்டு. பிராமா பூட்டானால் அதே நிறுவனம் இன்றும் இருக்கிறது. சாவிக்கு அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கியபின் அதில் விஸ்கி ஊற்றி வைக்கலாமா? வைக்கக்கூடாது. குடுவைக்குப் பளபளப்பைத் தருவது 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற ஈயக் கண்ணாடி. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் ‘லான்செட்’ இதழில் எழுதியபடி, ஈயக் கண்ணாடிக் குடுவையில் ஐந்தாண்டுக்கு மேல் கிடந்த பிராந்தியில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு ஈயம் இறங்கியிருந்தது. மாதக்கணக்கில் பூட்டி வைப்பதற்கென்றே செய்த பொருளில் மாதக்கணக்கில் பூட்டி வைக்கக்கூடாத சரக்கு. விருந்து நடக்கும் ஒரு மாலைக்கு ஊற்றிப் பரிமாறலாம். மிச்சத்தை அன்றிரவே பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றிவிட வேண்டும்.